தூண்டலும் துலங்கலும்

மணியை அடிக்கும் முன்பு கனகமணியக்கா தேர்வாளர் அம்மாவின் வாயைப் பார்த்தாள். வாய் திறந்து "ம், அடிங்க" என்று மூடிக்கொண்ட பிறகுதான் கைமணி அசைந்தது. அதைப் பார்க்கவே கூடாது என்று பொன் இசக்கி காலையிலேயே தனக்குத்தானே உத்தரவு போட்டிருந்தாள், பார்த்துத் தொலைத்துவிட்டாள். பார்த்த கண்ணை அவசரமாக இறக்கி முன்னாலிருந்த பாட்டிலுக்குள் போட்டாள். மேசை 'இ'. பாட்டிலுக்குள் இரண்டு புழுக்கள், வெந்த சேமியா மாதிரி வெளுத்துப்போய், ஒன்று நெட்டையாக, இன்னொன்று குட்டையாக, வால் சுருண்டு. உருளைப்புழு. வால் சுருண்டது ஆண், நீட்டமாகக் கிடப்பது பெண். வாழிடம் மனிதக் குடல். எழுது இசக்கி, எழுது, மேசைக்கு மூன்றே நிமிடம், பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் செய்முறைத் தேர்வு, எட்டு மேசை, எட்டுப் பிள்ளைகள், மணி அடித்தால் ஆளுக்கொரு மேசை நகரணும், எந்தப் பாட்டிலிலும் பெயர் இருக்காது, நாமதான் பார்த்துப் பெயர் சொல்லணும், அதுதான் பரீட்சை. பெயர் இருக்காது. அதை நினைத்ததும் பேனா நின்றது. தேர்வுக்காகப் பெயரை மறைத்து வைக்கவில்லை, இந்தப் பாட்டில்களுக்கு இப்போது நிஜமாகவே பெயர் இல்லை. கண்ணாடியில் லேபிள் இருந்த இடம் மட்டும் சதுரமாக, மற்ற இடத்தைவிடச் சுத்தமாகப் பளபளத்தது. அந்தச் சதுரத்துக்குள் நகத்தால் சுரண்டிய கீறல்கள். அந்த நகம் யாருடையது என்று இசக்கிக்குத் தெரியும். இப்போது அந்த நகம்தான் கைமணியின் பிடியைச் சுற்றியிருக்கிறது, ஓரத்தில் கறுத்து, பாதி வளர்ந்து.

தங்கபுஷ்பம் டீச்சருக்கு மூட்டுவலி. அதனால் ஆய்வகத்தை அவர் காலால் ஆள்வதில்லை, குரலால் ஆள்கிறார். ஆய்வகத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டி; தட்டிக்கு அந்தப் பக்கம் மெத்தை வைத்த நாற்காலியில் டீச்சர்; இந்தப் பக்கம் லேப் அட்டெண்டர் கனகமணியக்கா. "கனகமணி! ம்க்கும். ஸ்பிரிட் விளக்க எடுத்து வையி." "சரி டீச்சர்." "கனகமணி! பத்தாவது பிள்ளைய வாராவ, தவளை சார்ட்ட மாட்டு. வெளங்குதா?" "சரி டீச்சர்." பதினாலு வருஷமாக இப்படித்தான். தட்டி பேசும், அக்கா செய்வாள். டீச்சரின் முகத்தைவிடத் தட்டியைத்தான் அவள் அதிகம் பார்த்திருப்பாள். அந்த 'ம்க்கும்' இருக்கிறதே, அதை முதன்முதலில் பிடித்தது ஒன்பதாம் வகுப்பில், இசக்கியின் தொண்டையில் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மூக்கில் கொஞ்சம், நெஞ்சில் கொஞ்சம், கடைசியில் 'வெளங்குதா'வில் ஒரு தூக்கல். வகுப்பே மேசையில் தலையை வைத்துச் சிரித்தது. அதற்குப் பிறகு யாருடைய குரலும் தப்பவில்லை. தலைமை ஆசிரியை, 'அன்பார்ந்த மாணவச் செல்வங்களே', அந்தச் 'செல்வங்களே'வில் மூச்சு முடிந்து போவது வரை. பதினேழாம் நம்பர் மினி பஸ் கண்டக்டர், 'உள்ள போ உள்ள போ, உள்ள கல்யாணமா நடக்கு, எல்லாரும் வாசல்லயே நிக்கிய'. காலையில் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர், ரயில் நிலையத்து அறிவிப்பு அம்மாள், பக்கத்து வீட்டுக் கிளி. "நீ பேசுனா எது நீன்னே தெரியலட்டி" என்று கூட்டாளி ஜெபக்கனி சொன்னபோது அதைவிடப் பெரிய பரிசு உலகத்தில் இல்லை என்றுதான் இசக்கி நினைத்தாள், அன்றைக்கு நினைத்தாள்.

மணி. (வாயைப் பார்த்தாளா? பார்க்காதே.) மேசை 'ஈ'. இலைப்பூச்சி, கண்ணாடிப் பெட்டிக்குள் குண்டூசி குத்தி. தொகுதி கணுக்காலிகள், வகுப்பு பூச்சிகள். இலை மாதிரியே நரம்பு, இலை மாதிரியே ஓரம் கருகல். 'ஏன் இந்த வேசம் போடுது? ம்க்கும். தின்ன வாரவன் கண்ண ஏமாத்தத்தான். உயிரு தப்பிக்கதுக்கு. வெளங்குதா?' உயிர் தப்பிக்க. இந்தப் பூச்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது. நீ எந்தக் காக்காயிடமிருந்து தப்பிக்கப் பார்த்தாய்? மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, மதியம் கடைசிக்கு முந்தின பீரியடு. டீச்சர் பன்னிரண்டு மணிக்கே கல்வி அலுவலகத்துக் கூட்டத்துக்குப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்; கனகமணியக்கா அப்போது கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாது. ரெக்கார்டு நோட்டுகளை டீச்சர் மேசையில் வைக்க அதே பின்வாசல் வழியாகப் போனது இவளும் ஜெபக்கனியும். நாற்காலி காலி. தட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா குழாயைத் திறக்கும் சத்தம். ஜெபக்கனி கண்ணாலேயே கேட்டாள், 'செய்யட்டுமா?' இல்லை, கேட்டது ஜெபக்கனி இல்லை, இசக்கிதான் கேட்டாள், ஜெபக்கனி தலையை மட்டும் ஆட்டினாள், மூன்று வாரமாக இந்த ஒரு இடத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறாள், எப்படிப் போட்டாலும் வாய் இவளுடையதாகத்தான் இருக்கிறது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். மெத்தை இன்னும் குழிவாக இருந்தது. "கனகமணி! ம்க்கும்." "டீச்சர்?" "அலமாரி பாட்டில்ல இருக்க லேபிள் பூராத்தையும் ஊறப் போட்டு உரிச்சிரு. அழுக்கப் பாரு. புதுசா எழுதி ஒட்டணும். வெளங்குதா?" "சரி டீச்சர்." அவ்வளவுதான். திட்டம் என்னவென்றால், அக்கா நம்பமாட்டாமல் தட்டி ஓரமாகத் தலையை நீட்டி "எல்லாத்தையுமா டீச்சர்?" என்று கேட்பாள், இவர்கள் 'பே' என்று குதிப்பார்கள், அவள் துடைக்கிற துணியால் முதுகில் இரண்டு போடுவாள், மூன்று பேரும் சிரிப்பார்கள். ஆனால் அவள் தலையை நீட்டவில்லை. பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நீட்டியதில்லை என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? பீரியடு மணி அடித்தது, தமிழ் ஐயா வகுப்புக்குத் தாமதமாகப் போனால் வெளியே நிற்க வேண்டும், வந்த வழியே ஓடினார்கள். ஓடினது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, மறந்துபோனது. சத்தியமாக மறந்தே போனாள். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று, தம்பிக்குக் கண்டக்டர் மாதிரி பேசிக் காட்டி, நன்றாகத் தூங்கினாள். அன்று சாயங்காலம் ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அறுபத்து மூன்று பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழுகி எழுந்துகொண்டிருந்தன.

அறுபத்து மூன்று. டீச்சருக்கு முன்னால் இருந்தவர், அவருக்கும் முன்னால் இருந்தவர், கறுப்பு மையில் எழுதி ஒட்டியவை. எந்தக் கடற்கரை, எந்த வலை, எந்தத் தேதி. கண்ணாடிக்குள் கிடப்பவை எல்லாம் மருந்தில் வெளுத்து வெளுத்து ஒரே நிறமாகி ரொம்ப நாளாயிற்று, பெயர் மட்டும்தான் அவற்றைப் பிரித்து வைத்திருந்தது. மறுநாள் காலை முதல் பீரியடு அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள், முகம் கொள்ளாத சந்தோசம். "டீச்சர், ஆறரை மணி வரைக்கும் இருந்து பூராத்தையும் முடிச்சிட்டேன். பளபளன்னு இருக்கு பாருங்க." டீச்சர் பார்த்தார். பார்த்துவிட்டு முதலில் கத்தவில்லை, அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்புறம்தான் கத்தினார். "யாரு சொன்னா ஒன்கிட்ட?" "நீங்கதான சொன்னிய." "நானா? நான் நேத்து மத்தியானம் ஊர்லயே இல்ல கனகமணி! ஆபீசுல கையெழுத்துப் போட்டிருக்கேன், போய்ப் பாரு!" "இல்ல டீச்சர்... உள்ள இருந்து... கனகமணின்னு கூப்ட்டு..." நாற்பது பிள்ளைகள் முன்னால். ஜெபக்கனி இவள் தொடையில் கிள்ளினாள், ரத்தம் கட்டுகிற கிள்ளு. 'இப்ப சொல்லிரு' என்ற கிள்ளா, 'வாயத் தொறந்தா செத்த' என்ற கிள்ளா என்று இன்றுவரை இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று ஒரு வரி. அதிகபட்சம் தலைமை ஆசிரியை அறை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, ஒரு வாரம் வெளியே. ஆனால் அக்கா அதற்குள் வாயைத் திறந்துவிட்டாள். குரல் இறங்கிப்போய், யாருக்கோ வழி விடுகிற மாதிரி, "அப்ப எனக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கும் போல டீச்சர்" என்றாள். அவள் முகம் அந்த ஒரு நொடியில் வயதானது. இசக்கி அதைக் கண்ணால் பார்த்தாள், மாவு புளிக்கிற மாதிரி மெதுவாக இல்லை, விளக்கு அணைகிற மாதிரி.

உயிருள்ளவற்றின் பண்புகள் எழுதுக. மேசை 'உ'. ஒரு தட்டில் ஐந்து துவரை விதைகள், கேள்வி அட்டையில் 'இவை உயிருள்ளவையா? காரணம் கூறு.' எப்போது மணி அடித்தது, எப்போது நகர்ந்தாள்? உயிருள்ளவை உணவு எடுக்கும், சுவாசிக்கும், வளரும், கழிவு நீக்கும், இனம் பெருக்கும், அசையும், தூண்டினால் துலங்கும். தூண்டல், துலங்கல். தொட்டால் சுருங்கும் செடி, வெளிச்சம் பட்டால் ஓடும் கரப்பான், குரல் கேட்டால் 'சரி டீச்சர்' என்று எழும் கனகமணியக்கா. இப்போது அவள் எழுவதில்லை. தட்டிக்குப் பின்னாலிருந்து "கனகமணி!" என்றால் முதலில் உறைந்து நிற்கிறாள், அப்புறம் பைய நடந்து போய்த் தட்டி ஓரத்தில் எட்டிப் பார்க்கிறாள், நாற்காலியில் டீச்சர் இருக்கிறாரா, வாய் அசைகிறதா. "கூப்ட்டியளா டீச்சர்?" "கூப்டாம?" "இல்ல, கேட்டுக்கிட்டேன்." பிள்ளைகளிடமும் அப்படித்தான், "நீயா பிள்ள பேசுன? நெசமாவே பேசுனியா?" முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவுக்குக் கோட்டி பிடித்துவிட்டது, புத்தி பிசகிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். இசக்கியும் சிரித்தாள். ஆமாம், சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் வாய்க்குள் ஒரு மூலையில் புளித்துக் கிடக்கிறது. விதைக்கு உயிர் உண்டா? உண்டு. மிக மெதுவாகச் சுவாசிக்கும். எவ்வளவு மெதுவாக என்றால் பார்க்கிறவனுக்குச் செத்தது மாதிரி இருக்கும். மூன்று வாரம் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவளுக்கும் அதே மார்க் கொடுக்கலாம். 'அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, நம் பள்ளியின் பொன் இசக்கி உறக்க நிலையில் இருக்கிறார், தண்ணீர் ஊற்றினால் முளைப்பார்.' சும்மா இரு. சும்மா இரு. எல்லார் குரலும் உள்ளே இருக்கிறது, ஒன்றையும் நிறுத்த முடியவில்லை.

தன்னைப் பெற்ற அம்மை கதையை அக்கா இவர்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறாள், போன வருஷம், சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே, மீன் விலை சொல்கிற குரலில். அம்மைக்குக் கடைசிக் காலத்தில் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்குமாம். 'இந்தா வாரேன்' என்று எழுந்து போய்விடுவாளாம், உப்பளத்துப் பாதையில் எங்கேயாவது கிடப்பாளாம், தேடித் தூக்கி வருவார்களாம். அண்ணன் கடைசியில் பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டிவிட்டான். உள்ளே இருந்தும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாளாம், 'கதவத் தொறந்தா வாரேன், கதவத் தொறந்தா வாரேன்' என்று. அக்கா அன்று அதைச் சொல்லி முடித்ததும் இசக்கி என்ன செய்தாள்? வீட்டுக்குப் போகும் வழியில், பஸ் நிறுத்தத்தில், ஜெபக்கனிக்கு அதைப் பேசிக் காட்டினாள். 'கதவத் தொறந்தா வாரேன்.' பார்த்தே இராத ஒரு கிழவியின் குரலை. ஜெபக்கனிகூடச் சிரிக்கவில்லை, "போதும்ட்டி" என்றாள். அதை நினைத்ததும் இசக்கிக்குக் காது மடல் வரை சூடேறியது, பரீட்சைத் தாளில் முகத்தை மறைக்கிற மாதிரி குனிந்தாள், பக்கத்து மேசைப் பிள்ளை இவள் காப்பியடிக்கிறாள் என்று நினைத்துக் கையால் தன் தாளை மூடிக்கொண்டது. மூடிக்கொள், நல்லது, என்னிடமிருந்து எல்லாரும் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளுங்கள்.

மணி. மேசை 'ஊ'. தட்டையாக, வெள்ளை நாடாவாக, பாட்டிலுக்குள் மடிந்து மடிந்து. நாடாப்புழு. வாயும் இல்லை, குடலும் இல்லை, இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் தின்றதைத் தோலால் உறிஞ்சும். இதற்கு யாரும் லேபிள் ஒட்ட வேண்டியதில்லை, முகம் தெரியாமலே தெரியும். வகைப்படுத்துக: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். மேலிருந்து கீழே வர வரக் கூட்டம் குறையும், கடைசிப் படியில் தன் இனத்தோடு மட்டும் நிற்க வேண்டும், ஒளிய இடம் கிடையாது. உலகம், விலங்குலகம், அதில் மறுப்பில்லை. தொகுதி, முதுகுநாணிகள், அங்கேயே சந்தேகம், எழுந்து நிற்க வேண்டிய அன்றைக்கு முதுகில் ஒன்றும் இருந்த மாதிரி தெரியவில்லை. வகுப்பு, பாலூட்டி, பதினொன்று 'ஆ' பிரிவு. குடும்பம், அப்பா சங்கரலிங்கம் லாரி செட்டில் கிளார்க், அம்மா ஊரே மெச்சுகிற மாதிரி பேசுகிற பொம்பளை, 'எம்பிள்ள பொய் சொல்லாது, வாய்தான் கொஞ்சம் நீளம்'. பொய் சொல்லவில்லை அம்மா. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை அக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போனாள், காது டாக்டரிடம். காதில் என்னவோ மாட்டி, சத்தம் கொடுத்து, கையைத் தூக்கச் சொல்லி எல்லாம் பார்த்தார்களாம். காது மந்தம் என்று வந்துவிட வேண்டும் என்று இசக்கி அன்று முழுக்க வேண்டிக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட வேண்டுதல், ஒருத்தி செவிடாக வேண்டும் என்று. மறுநாள் அக்கா வந்தாள். "காது நல்லா இருக்காம். சின்னப் பிள்ளைக்கு இருக்க மாதிரி இருக்காம்." சுற்றி நின்ற பிள்ளைகள் "நல்லதுதானக்கா" என்றார்கள். அக்கா அவர்களைப் பார்த்த பார்வையை இசக்கி மட்டும்தான் படித்தாள். காது நன்றாக இருந்தால், அப்புறம் மிச்சம் இருப்பது தலைதானே.

எழுதிக்கொண்டிருக்கிறாளா? எழுதுகிறாள், கை தன்பாட்டில் எழுதுகிறது, 'ஒட்டுறுப்புகள், கொக்கிகள், கண்டங்கள்', நல்ல எழுத்து, முத்து முத்தாக, அந்த எழுத்துதான் வினை. இன்று காலை எட்டேமுக்காலுக்கு அக்கா அதற்காகத்தான் இவளைத் தேடி வந்தாள். "பிள்ள, ஒனக்குத்தான் எழுத்து மணியா இருக்கும். ஒரு லெட்டர் எழுதித் தா. எனக்குப் பேரு போடத்தான் வரும்." சொல்லச் சொல்ல இசக்கி எழுதினாள், படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டை வைத்து. 'மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு. எனக்கு இல்லாத சத்தம் காதில் கேட்கிறபடியால்...' அங்கே ஒரு நொடி நின்று அக்கா யோசித்தாள். "ஆசிட் பொழங்குத எடம் பாரு. நாளைக்கு எவளோ 'ஆசிட்ட எடுத்து ஊத்து கனகமணி'ன்னு காதுக்குள்ள சொன்னான்னு வையி, நான் பாட்டுக்கு ஊத்தீட்டேன்னா? பச்சப் பிள்ளைய நிக்கிய. அத எழுது." இசக்கி எழுதினாள். 'பிள்ளைகளுக்கு என்னால் ஆபத்து வரக்கூடாது என்பதால் இன்றோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்துக்கூடப் பார்த்தாள். 'ஆபத்து' என்ற சொல்லில் ஒரு புள்ளி விட்டிருந்தது, வைத்தாள். புள்ளி வைத்தாள்! அக்கா இவள் கன்னத்தைத் தட்டி "நீ நல்லாருப்ப" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்து நீலக் கோட்டின் பைக்குள் வைத்தாள். பரீட்சை முடிந்து பாட்டிலை எல்லாம் அடுக்கிவிட்டுப் பெரிய டீச்சரான தலைமை ஆசிரியை அறைக்குப் போய்க் கொடுத்துவிடுவாளாம். இந்த வேலையைச் செய்த விரல்கள் இவை. இந்த ஐந்தும். கழுவினால் போகுமா? அறுபத்து மூன்று பாட்டிலைக் கழுவிய தண்ணீர் போதுமா?

'எ' போயிற்று, 'ஏ' போயிற்று, 'அ' கடற்பஞ்சு, துளையுடலிகள், உடம்பெல்லாம் ஓட்டை, தண்ணீர் ஒரு பக்கம் போய் ஒரு பக்கம் வரும், அதற்கும் ஒரு வாழ்க்கை. 'ஆ' நட்சத்திர மீன். கை போனால் முளைக்கும். நல்லது. கொடுத்து வைத்தது. இதுதான் கடைசி மேசை. அடுத்த மணிக்கு எல்லாரும் போய்விடலாம். போனால்? மத்தியானத்துக்குள் காகிதம் பெரிய டீச்சர் மேசையில். நாளைக்கு வேறு யாரோ நீலக் கோட்டு. கனகமணியக்கா வீட்டில் இருப்பாள், அடுப்படியில், தெருவில் யாராவது நிஜமாகவே கூப்பிட்டாலும் திரும்பாமல். இவள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போவாள், கல்லூரிக்குப் போவாள், கல்யாணம் ஆகும், எங்கேயாவது ஒரு விருந்தில் எல்லாரும் 'பேசிக் காட்டு பேசிக் காட்டு' என்பார்கள், இவள் தொண்டையைச் செருமுவாள், ம்க்கும். சொன்னால்? மார்க் போகும். செய்முறைத் தேர்வில் பாதி டீச்சர் கையில்தான். அப்பா லாரி செட்டிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பெரிய டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று நினைத்தபோதுதான் இசக்கிக்குத் தெரிந்தது, மூன்று வாரமாக வாயைக் கட்டி வைத்திருந்தது மார்க்கும் இல்லை, அப்பாவும் இல்லை. அக்கா முகம். உண்மை தெரிந்த பிறகு அக்கா இவளைப் பார்க்கப்போகிற அந்த ஒரு பார்வை. அதற்குப் பயந்துதான் ஒருத்தியை அவளுக்கே பைத்தியமாக்கி உட்கார வைத்திருக்கிறாள். மணி அடித்தது. தாள்களை வாங்கினார்கள். பிள்ளைகள் செருப்பு மாட்டும் சத்தம், யாரோ "ஏட்டி, அஞ்சாவது என்ன எழுதுன?" என்றது, வெளியே வெயில். தேர்வாளர் அம்மாவும் தங்கபுஷ்பம் டீச்சரும் காபி குடிக்க உள்ளறைக்குள் போனார்கள், தட்டிக்குப் பின்னால் டம்ளர் சத்தம். இசக்கியின் கால் வாசல்வரை போய் நின்றது.

"அக்கா."

கனகமணியக்கா ஈரத் துணியோடு திரும்பி இவள் உதட்டைப் பார்த்தாள். "நீயா கூப்ட்ட?"

"நாந்தாங்க்கா. அக்கா, அன்னைக்கிப் பேசினது டீச்சர் இல்ல. நான்."

"என்னைக்கி?"

"லேபிள உரிக்கச் சொன்னது. உள்ள நாற்காலில உக்காந்து நாந்தான் சொன்னேன். ஒங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. நெசமாவே கேட்ட சத்தம்தான்."

அக்கா துணியை ஒரு தடவை பிழிந்தாள். அப்புறம் முகம் இளகியது, இவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை, வேறு மாதிரி. "கோட்டிப் பிள்ள. லெட்டர எழுதிட்டு மனசு கேக்கலயாக்கும். எனக்காவப் பொய் சொல்லி மாட்டிக்கிடாத. உள்ள டீச்சர் இருக்காவ, மார்க்குல கைய வச்சிருவாவ. போ, போய்ச் சோறு தின்னு."

நம்பவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு உண்மையைக் கொண்டுவந்தால் அது இரக்கம் மாதிரி தெரிகிறது. இனி ஒரே வழிதான். உள்ளே டம்ளர் சத்தம் கேட்கிறது, தட்டிக்கு அந்தப் பக்கம் நாலடியில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி உட்கார்ந்திருக்கிறார். மெதுவாகப் பேசினால் அந்தக் குரல் வராது, நெஞ்சிலிருந்து எடுத்தால்தான் வரும். எத்தனையோ தடவை தானாக வந்தது, இப்போது கிணற்றிலிருந்து இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டியிருந்தது.

"கனகமணி! ம்க்கும். அலமாரி பாட்டில்ல இருக்க லேபிள் பூராத்தையும் ஊறப் போட்டு உரிச்சிரு. அழுக்கப் பாரு. வெளங்குதா?"

உள்ளே டம்ளர் சத்தம் நின்றது. கனகமணியக்காவின் கையிலிருந்து துணி விழுந்தது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "இன்னொரு மட்டம் சொல்லு."

இசக்கி இன்னொரு தடவை சொன்னாள். பாதியில் தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது, டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார், தன் குரல் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வருவதைப் பார்த்துக்கொண்டு. இசக்கி நிறுத்தவில்லை. 'வெளங்குதா' வரை சொல்லி முடித்தாள். கனகமணியக்கா கண்ணைத் திறந்தாள். டீச்சரின் மூடிய வாயைப் பார்த்தாள். இவளுடைய திறந்த வாயைப் பார்த்தாள். திரும்பத் திரும்ப இரண்டையும் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய, "எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர்! கேட்டியளா, எனக்கு ஒண்ணுமே இல்ல! எங்க அம்மைக்குக் கேட்ட மாதிரில்லாம் இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல!" என்று ஜன்னல் பக்கம், வெளியே நின்ற பிள்ளைகள் பக்கம், எல்லாப் பக்கமும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் இசக்கி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். இப்படி ஒரு சிரிப்பை யாரிடமும் வாங்கியதில்லை. அதற்குப் பதிலாக நாலு அறை விழுந்திருந்தால் நிமிர்ந்து நின்று வாங்கியிருப்பாள்.

"ஏட்டி பொன் இசக்கி!" டீச்சர் ஆரம்பித்தார். "ஒன் கொழுப்ப..."

"இருங்க டீச்சர்" என்றாள் கனகமணியக்கா. பதினாலு வருஷத்தில் முதல் தடவை. டீச்சர் நின்றுவிட்டார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு இவள் பக்கம் வந்தாள். சிரிப்பு இன்னும் மூச்சில் கொஞ்சம் மிச்சமிருந்தது, வரும்போதே அது தீர்ந்துகொண்டு வந்தது.

"வெளையாட்டுக்குச் செஞ்ச. சரி. பிள்ளைய செய்யும். ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லார் வாயையும் பாத்துக்கிட்டு நின்னேன். இன்னைக்கு ஒன்னய வச்சே லெட்டரு எழுதுனேன். மூணு வாரமா நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

பதில் சொல்ல உள்ளே எத்தனையோ பேர் முந்தினார்கள். பெரிய டீச்சரிடம் ஒரு பதில் இருந்தது, அம்மாவிடம் ஒன்று, கண்டக்டரிடம்கூட ஒன்று. ஒவ்வொரு குரலாக வந்து தொண்டை வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

"ஆமாக்கா."

சின்னதாக, கொஞ்சம் பிசிறடித்து, யார் மாதிரியும் இல்லாமல் வந்தது. 'பரவாயில்ல பிள்ள' என்று ஒரு வார்த்தை வரும் என்று இசக்கி நின்றாள். கனகமணியக்கா குனிந்து கீழே கிடந்த துணியை எடுத்தாள், உதறினாள், கடைசி மேசையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். அந்த வார்த்தை வரவில்லை.